கல்லீரல் நோய்: குமரி மாவட்டத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகளும் புதிய ஆராய்ச்சிகள் தரும் பதில்களும்

பித்தப்பையில் கல் இருக்கிறதா என்று பார்க்க ஸ்கேன் எடுக்கப் போகிறார்கள். கல் இல்லை, ஆனால் 'ஃபேட்டி லிவர் கிரேடு 1' என்ற வரியோடு திரும்பி வருகிறார்கள். நாகர்கோவில், தக்கலை, மார்த்தாண்டம், குளச்சல் என்று எந்தப் பக்கம் விசாரித்தாலும் இப்படி ஒருவர் இருப்பார். அந்தக் குடும்பங்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளை இங்கே எடுத்துக்கொண்டு, சமீப ஆண்டுகளில் வெளிவந்த ஆராய்ச்சிகளை வைத்துப் பதில் எழுதியிருக்கிறேன். உங்கள் மருத்துவரின் இடத்தை இது நிரப்பாது. அவர் முன்னால் உட்காரும்போது என்ன கேட்க வேண்டும் என்று தெரிந்துகொள்ள உதவும்.

ஸ்கேனில் 'கிரேடு 1' என்று இருக்கிறது. பயப்பட வேண்டுமா?

கிரேடு என்பது ஈரலில் எவ்வளவு கொழுப்பு படிந்திருக்கிறது என்று ஸ்கேன் படத்தைப் பார்த்துச் சொல்லும் ஒரு மதிப்பீடு, அவ்வளவுதான். உங்கள் எதிர்காலத்தைத் தீர்மானிப்பது கொழுப்பின் அளவு அல்ல. ஈரலில் தழும்பு விழுந்திருக்கிறதா, விழுந்திருந்தால் எவ்வளவு என்பதுதான் முக்கியம். கிரேடு 1 என்று எழுதப்பட்டவருக்கு ஆழமான தழும்பு இருக்கலாம். கிரேடு 3 உள்ளவருக்குத் தழும்பே இல்லாமலும் இருக்கலாம்.

ரப்பர் பால் வெட்டுகிறவர்களுக்கு இது உடனே புரியும். பட்டையை அளவாகச் சீவினால் மரம் புதுப் பட்டையை வளர்த்துக்கொள்ளும். கத்தி உள்ளே தடியில் பட்டுவிட்டால் அந்த இடம் முண்டும் முடிச்சுமாகிவிடும், பிறகு அங்கே பால் வெட்ட முடியாது. ஈரலும் சிறு காயங்களைத் தானே ஆற்றிக்கொள்ளும் உறுப்புதான். காயம் வருடக்கணக்கில் நீடித்தால் தழும்பு சேர ஆரம்பிக்கும். மருத்துவர்கள் இதை எஃப்0 முதல் எஃப்4 வரை பிரிக்கிறார்கள். எஃப்4 என்றால் சிரோசிஸ், அதாவது ஈரல் சுருக்கம். இந்தப் பக்கத்தில் நான் சொல்லப் போகும் பெரும்பாலான மருந்துகளும் ஆய்வுகளும் இந்தத் தழும்பைச் சுற்றியே இருக்கின்றன. ஆகவே அடுத்த முறை மருத்துவரிடம் "எனக்கு எந்த கிரேடு?" என்று கேட்பதைவிட, "எனக்குத் தழும்பு இருக்கிறதா?" என்று கேளுங்கள்.

தழும்பை எப்படிக் கண்டுபிடிப்பது? ஊசி குத்திச் சதை எடுக்க வேண்டுமா?

பெரும்பாலானவர்களுக்கு வேண்டாம். முதல் படி, சாதாரண ரத்தப் பரிசோதனை முடிவுகளை வைத்துப் போடும் ஒரு கணக்கு. அதன் பெயர் ஃபிப்-4. இதில் வரும் எஸ்ஜிஓடி (ஏஎஸ்டி), எஸ்ஜிபிடி (ஏஎல்டி) இரண்டும் ஈரல் புண்படும்போது ரத்தத்தில் கூடும் என்சைம்கள்; பிளேட்லெட் ரத்தம் உறைய உதவும் அணு. வயதை எஸ்ஜிஓடி எண்ணால் பெருக்குங்கள். பிளேட்லெட் எண்ணிக்கையை (ஆயிரக்கணக்கில்) எஸ்ஜிபிடியின் வர்க்கமூலத்தால் பெருக்குங்கள். முதலில் வந்ததை இரண்டாவதால் வகுக்க வேண்டும்.

ஒரு உதாரணம் பார்க்கலாம். வயது 52, எஸ்ஜிஓடி 48, எஸ்ஜிபிடி 64, பிளேட்லெட் 1,80,000. 52-ஐ 48-ஆல் பெருக்கினால் 2496. 64-இன் வர்க்கமூலம் 8, அதை 180-ஆல் பெருக்கினால் 1440. வகுத்தால் 1.73 வருகிறது. 1.3-க்குக் கீழே வந்தால் ஆழமான தழும்பு இருக்க வாய்ப்பு மிகக் குறைவு. 65 வயதைத் தாண்டியவர்களுக்கு இந்த எல்லை 2.0. கணக்கு 2.67-ஐத் தாண்டினால் ஈரல் சிறப்பு மருத்துவரைப் பார்த்தே ஆக வேண்டும். நம் உதாரணம் நடுவில் நிற்கிறது, ஆகவே அவருக்கு அடுத்த படி தேவை.

அடுத்த படி ஃபைப்ரோஸ்கேன். வலியில்லாமல், விலா எலும்பின் மேல் ஒரு கருவியை வைத்து ஈரல் எவ்வளவு விறைப்பாக இருக்கிறது என்று அளப்பார்கள். 8 கிலோபாஸ்கலுக்கு (விறைப்பை அளக்கும் அலகு) கீழே இருந்தால் பொதுவாக நிம்மதி. 12-க்கு மேல் போனால் ஆழமான தழும்பாக இருக்கலாம் என்று எடுத்துக்கொள்கிறார்கள்.

கையில் ஏற்கெனவே இருக்கும் ரத்தப் பரிசோதனைச் சீட்டிலிருந்தே ஃபிப்-4 கணக்கைப் போட்டுவிடலாம், தனிச் செலவு எதுவும் இல்லை. அப்படியிருந்தும் பலருக்கு அதைப் போட்டுப் பார்ப்பதில்லை என்பது எனக்கு உண்மையாகவே வருத்தம் தருகிறது. சர்க்கரை நோய் உள்ள ஒவ்வொருவரும் வருடத்துக்கு ஒருமுறை இதைக் கேட்டு வாங்க வேண்டும்.

குடிப் பழக்கமே இல்லாதவருக்கு எப்படி வருகிறது?

சர்க்கரை, ரத்தக்கொதிப்பு, தொப்பை, ரத்தத்தில் ட்ரைகிளிசரைடு என்ற கொழுப்பு. இவைதான் பின்னால் இருக்கும் காரணங்கள். 2023 ஜூனில் உலக ஈரல் மருத்துவ அமைப்புகள் சேர்ந்து இந்த நோயின் பெயரையே மாற்றி, உடலின் வளர்சிதை மாற்றக் கோளாறோடு இணைத்துவிட்டன. இந்திய அரசு 2021-இல் சர்க்கரை, இதய நோய்களுக்கான தேசியத் திட்டத்தில் கொழுப்பு ஈரலையும் சேர்த்தது.

ஆள் ஒல்லியாக இருந்தால் வராது என்று நினைக்க வேண்டாம். நம்மவர்களுக்குக் கை கால் மெலிந்திருக்கும், வயிற்றில் மட்டும் கொழுப்பு சேரும். ஆண்களுக்கு இடுப்பளவு 90 செ.மீ., பெண்களுக்கு 80 செ.மீ. தாண்டினால் கவனிக்க வேண்டும்.

சாப்பாட்டைப் பொறுத்தவரை, மரச்சீனிக் கிழங்கும் மீன்கறியும் தப்பா என்று கேட்கிறார்கள். மீன் தப்பே இல்லை. சாளையும் அயிலையும் நல்ல மீன்கள். தட்டு நிறையக் கிழங்கும் ஓரத்தில் ரெண்டு துண்டு மீனும் என்று இருப்பதை மாற்றி, மீனையும் காய்கறியையும் கூட்டிக் கிழங்கைக் குறைத்தால் போதும். மரம் வெட்டி, வலை இழுத்து உழைத்த காலத்துச் சாப்பாட்டு அளவை, கடையில் உட்கார்ந்து வேலை பார்க்கும் உடம்பு தாங்காது. பாட்டில் குளிர்பானம், நேந்திரம் சிப்ஸ், பழம்பொரி ஆகியவற்றை எப்போதாவது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

எடை குறைத்தால் தழும்பு உண்மையிலேயே குறையுமா?

குறையும். கியூபாவில் 293 நோயாளிகளை ஓராண்டு கவனித்து, முன்னும் பின்னும் ஈரல் சதையை எடுத்துப் பார்த்த ஆய்வு 2015-இல் வந்தது. உடல் எடையில் 10 சதவீதத்துக்கு மேல் குறைத்தவர்களில் 90 சதவீதம் பேருக்கு ஈரல் அழற்சி (கொழுப்பால் ஈரல் புண்பட்டு வீங்குவது) தீர்ந்தது. 45 சதவீதம் பேருக்குத் தழும்பும் பின்வாங்கியது. அந்தக் காலத்தில் கையில் இருந்த எந்த மாத்திரையும் இதைச் செய்யவில்லை.

இதில் இன்னொரு உண்மையும் உண்டு. அந்த அளவு எடையைக் குறைக்க முடிந்தவர்கள் பத்தில் ஒருவர்தான். 80 கிலோ இருப்பவர் 8 கிலோ குறைக்க வேண்டும், அது எளிதல்ல. ஆனால் 5 சதவீதம் குறைத்தாலே கொழுப்பு இறங்குகிறது, 7 சதவீதத்தில் அழற்சி தணிய ஆரம்பிக்கிறது. ஆகவே 4 கிலோ குறைத்தவரை "இவ்வளவுதானா?" என்று வீட்டில் யாரும் கேட்காதீர்கள்.

இதற்கு மருந்து வந்துவிட்டதாமே?

வந்திருக்கிறது. பல ஆண்டுகளாக ஒவ்வொரு மருந்தாகத் தோற்றுக்கொண்டிருந்த துறை இது. 2024 மார்ச்சில் அமெரிக்காவில் ரெஸ்மெடிரோம் என்ற மாத்திரைக்கு அனுமதி கிடைத்தது. எஃப்2, எஃப்3 தழும்பு உள்ளவர்களுக்கு அங்கே அனுமதிக்கப்பட்ட முதல் மருந்து அதுதான். ஈரலில் தைராய்டு ஹார்மோன் வந்து ஒட்டும் இடத்தை (ஏற்பி) தூண்டி, கொழுப்பை எரிக்க வைக்கிறது. 966 பேரிடம் 52 வாரம் நடந்த ஆய்வில், கூடுதல் அளவு மாத்திரை எடுத்தவர்களில் சுமார் 30 சதவீதம் பேருக்கு அழற்சி தீர்ந்தது. ஒப்பிட்டுப் பார்க்க, மருந்தே இல்லாத வெற்று மாத்திரை எடுத்தவர்களில் அது 10 சதவீதத்துக்கும் குறைவு. தழும்பு ஒரு படி குறைந்தவர்கள் சுமார் 26 சதவீதம், வெற்று மாத்திரையில் 14 சதவீதம்.

இரண்டாவது, செமாகுளுடைட். சர்க்கரைக்கும் எடை குறைப்புக்கும் வந்த, வாரம் ஒருமுறை போடும் ஊசி. 800 பேரின் 72 வார முடிவில் 63 சதவீதம் பேருக்கு அழற்சி தீர்ந்தது (வெற்று ஊசியில் 34). தழும்பு குறைந்தவர்கள் 37 சதவீதம் (வெற்று ஊசியில் 22). 2025 ஆகஸ்டில் அமெரிக்கா இதை ஈரலுக்கும் அனுமதித்தது. எடை குறைப்புக்கான இதே ஊசி 2025 ஜூனில் இந்தியாவிலும் விற்பனைக்கு வந்தது. வாந்தி, குமட்டல், மலச்சிக்கல் ஆகியவை பலருக்கு வரும். மருத்துவர் மெதுவாக அளவைக் கூட்டிக்கொண்டு போவார். பக்கத்து வீட்டுக்காரர் போட்டார் என்று யாரும் தாமாகத் தொடங்கக் கூடாது.

இந்த எண்களைக் கொஞ்சம் நிதானமாகப் பாருங்கள். மருந்து எடுத்த பலருக்குத் தழும்பு குறையவில்லை. வெற்று மருந்து எடுத்த சிலருக்கும் குறைந்திருக்கிறது. அதனால் மருந்து வீண் என்று ஆகிவிடாது. 'ஈரலைச் சுத்தமாக்கும் மாத்திரை' என்று யாராவது விற்றால் நம்பக் கூடாது என்றுதான் சொல்கிறேன்.

நம் ஊர் மருந்துச் சீட்டுகளில் அதிகம் பார்ப்பது சரோக்ளிடசரும் வைட்டமின் ஈயும். சரோக்ளிடசர் இந்தியாவில் உருவான மருந்து, 2020-இல் இங்கே ஈரல் அழற்சிக்கு அனுமதி பெற்றது. 106 பேரிடம் 16 வாரம் நடந்த ஆய்வில் எஸ்ஜிபிடி பாதிக்குச் சற்றுக் குறைவான அளவு இறங்கியது. தழும்பைக் குறைக்கும் என்பதற்கு ரெஸ்மெடிரோமுக்கு இருக்கும் அளவு பெரிய ஆதாரம் இதற்கு இல்லை. வைட்டமின் ஈ, சர்க்கரை நோய் இல்லாதவர்களிடம் 2010-இல் வந்த ஆய்வில் அழற்சியைத் தணித்தது, தழும்பைத் தொடவில்லை.

கீழாநெல்லி வேலை செய்யுமா?

மதிப்போடு பதில் சொல்ல வேண்டிய கேள்வி இது. கீழாநெல்லியை உலகமே திரும்பிப் பார்க்கும்படி செய்தது சென்னையில் நடந்த ஆய்வு. 1988-இல் 'லான்செட்' இதழில் வந்தது. ஹெபடைடிஸ் பி கிருமியைச் சுமந்தவர்களுக்கு 30 நாள் கீழாநெல்லிப் பொடி கொடுத்தபோது, 37 பேரில் 22 பேரின் ரத்தத்தில் கிருமியின் அடையாளம் மறைந்தது. வெற்று மாத்திரை எடுத்த 23 பேரில் ஒருவருக்குத்தான் மறைந்தது. ஹெபடைடிஸ் பி கிருமியைக் கண்டுபிடித்து நோபல் பரிசு பெற்ற புளூம்பெர்க் அந்த ஆய்வுக் குழுவில் இருந்தார்.

பிறகு பல நாடுகளில் அதே சோதனையைச் செய்து பார்த்தார்கள். அந்தப் பலன் திரும்ப வரவில்லை. எல்லா ஆய்வுகளையும் சேர்த்துப் பார்த்த 2011-ஆம் ஆண்டு மதிப்பாய்வும், வெற்று மாத்திரையைவிடக் கீழாநெல்லி மேலானது என்று காட்டப் போதுமான ஆதாரம் இல்லை என்றது.

அப்படியானால் ஊரில் அத்தனை பேருக்கு எப்படிக் குணமானது? மஞ்சள் காமாலைக்கு அடிக்கடி காரணமாக இருப்பது ஹெபடைடிஸ் ஏ. அசுத்தமான தண்ணீரால் பரவுவது. 2024-இல் எர்ணாகுளம் பக்கம் வேங்கூரில் கூட்டமாகப் பரவியது இதுதான். பெரும்பாலானவர்களுக்குச் சில வாரங்களில் இது தானாகவே ஆறிவிடும். அந்த நேரத்தில் எதைக் கொடுத்தாலும் அதற்குப் பெயர் வந்துவிடும். இதைச் சொன்னால் பலருக்குக் கோபம் வருகிறது, தெரியும். ஆனால் காமாலையோடு தூக்கக் கலக்கம், பேச்சில் குழப்பம், ரத்தக்கசிவு, நிற்காத வாந்தி இருந்தாலோ, கர்ப்பிணிக்குக் காமாலை வந்தாலோ, மருந்து அரைத்துக்கொண்டு இருக்காதீர்கள். அன்றைக்கே ஆசாரிப்பள்ளம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ, பக்கத்தில் இருக்கும் பெரிய மருத்துவமனைக்கோ போய்விடுங்கள்.

மூலிகைதானே, ஈரலுக்குக் கெடுதல் செய்யாது இல்லையா?

செய்யலாம். கோவிட் காலத்தில் எதிர்ப்பு சக்திக்கென்று சீந்தில் கொடியைக் குடித்தவர்களில் 43 பேருக்கு ஈரல் பாதிப்பு ஏற்பட்டதை இந்தியாவின் 13 மருத்துவ மையங்கள் சேர்ந்து 2022-இல் பதிவு செய்தன. சித்தாவும் ஆயுர்வேதமும் வேரூன்றிய மாவட்டம் நம்முடையது. கோட்டாறில் அரசு ஆயுர்வேத மருத்துவக் கல்லூரியே இருக்கிறது. பட்டம் பெற்ற வைத்தியரிடம் போவது வேறு, பெயர் ஒட்டாத டப்பாவில் வரும் பொடியை வாங்குவது வேறு. எதைச் சாப்பிட்டாலும் அலோபதி மருத்துவரிடம் மறைக்காதீர்கள். திட்டுவாரோ என்று பயந்து மறைத்தால், காரணம் தெரியாமலே நாட்கள் ஓடிவிடும்.

காப்பி நல்லதாமே?

ஆமாம். பிரிட்டனில் சுமார் 4,95,000 பேரின் தகவல்களை ஆராய்ந்து 2021-இல் வெளியிட்டார்கள். காப்பி குடிப்பவர்களுக்கு நாள்பட்ட ஈரல் நோய் 21 சதவீதம் குறைவாக இருந்தது. நாளுக்கு மூன்று நான்கு கோப்பையில் பலன் உச்சம். ஆனால் இது கவனித்து எழுதியது, சோதித்துப் பார்த்தது அல்ல. காப்பிதான் காரணம் என்று அடித்துச் சொல்ல முடியாது. சர்க்கரையோ கருப்பட்டியோ போடாத கட்டன் காப்பி என்றால் தாராளமாகக் குடிக்கலாம்.

வளைகுடா வேலைக்கு மெடிக்கல் எடுத்தபோது ஹெபடைடிஸ் பி என்று சொல்லிவிட்டார்கள். இனி என்ன?

நம் மாவட்டத்தில் பலருக்கு இந்த நோய் இருப்பதே அந்த மெடிக்கலில்தான் தெரிய வருகிறது. கடன் வாங்கி ஏஜென்டுக்குப் பணம் கட்டிய பிறகு 'அன்ஃபிட்' என்ற சீட்டு வருவது எவ்வளவு பெரிய அடி என்று சொல்லத் தேவையில்லை. அந்தச் சீட்டைக் கிழித்துப் போட்டுவிட்டு, யாரிடமும் சொல்லாமல் இருந்துவிடுகிறார்கள். அதுதான் ஆபத்து.

முதலில் தெரிந்துகொள்ளுங்கள்: உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 2022-இல் இந்தியாவில் சுமார் 2 கோடியே 98 லட்சம் பேருக்கு இந்தக் கிருமி இருந்தது. நீங்கள் தனி ஆள் இல்லை. பெரும்பாலும் பிறக்கும்போது தாயிடமிருந்தோ, சிறு வயதிலோ வந்திருக்கும். ஒழுக்கத்தோடு இதை முடிச்சுப் போடுகிறவர்களின் பேச்சைக் காதில் வாங்காதீர்கள். ஒரே தட்டில் சாப்பிடுவதால், கட்டிப் பிடிப்பதால், குழந்தையைக் கொஞ்சுவதால் பரவாது. ரத்தத்தாலும் உடலுறவாலும் பரவும். சவரக் கத்தியையும் பல் தூரிகையையும் பகிர வேண்டாம்.

அடுத்து, ரத்தத்தில் கிருமியின் அளவு, எஸ்ஜிபிடி, தழும்பு ஆகிய மூன்றையும் பார்க்க வேண்டும். முன்பு பலரிடம் "மருந்து வேண்டாம், ஆறு மாதம் கழித்து வாருங்கள்" என்றார்கள். 2024 மார்ச்சில் உலக சுகாதார நிறுவனம் விதிகளைத் தளர்த்தி, இன்னும் நிறையப் பேருக்கு முன்கூட்டியே மருந்து தொடங்கலாம் என்றது. பழைய பதிலோடு வீட்டில் இருப்பவர்கள் மறுபடியும் போய்க் கேட்கலாம். டெனோஃபோவிர், என்டெகாவிர் மாத்திரைகள் கிருமியை அடக்கி வைக்கும். நினைத்தபடி நிறுத்தக் கூடாது. 2018 ஜூலையில் தொடங்கிய தேசிய வைரல் ஹெபடைடிஸ் கட்டுப்பாட்டுத் திட்டத்தில் பரிசோதனையும் மருந்தும் அரசு மையங்களில் இலவசம். ஆசாரிப்பள்ளத்தில் விசாரியுங்கள்.

முழுக் குணத்துக்கான தேடல் நடக்கிறது. பெபிரோவிர்சன் என்ற ஊசியை 457 பேரிடம் சோதித்து 2022-இல் வந்த முடிவில், கூடுதல் காலம் ஊசி பெற்றவர்களில் பத்தில் ஒருவருக்குச் சற்றுக் குறைவானோருக்கு, அந்த ஊசியை நிறுத்தி 24 வாரம் ஆன பின்னும் கிருமி திரும்பவில்லை. சிறிய எண்தான். ஆனாலும் இந்த நோயில் இதுவே பெரிய செய்தி.

வீட்டில் எல்லோருக்கும் பரிசோதனை செய்து, கிருமி இல்லாதவர்களுக்கு மூன்று தவணைத் தடுப்பூசி போடுங்கள். பிறக்கும் குழந்தைக்கு 24 மணி நேரத்துக்குள் முதல் ஊசி.

ஹெபடைடிஸ் சி?

குணமாகும். சோஃபோஸ்புவிர் சேர்ந்த மாத்திரைகளை 12 வாரம் எடுத்தால் 95 சதவீதத்துக்கு மேற்பட்டவர்கள் முழுதாகக் குணமடைகிறார்கள். இதுவும் அதே திட்டத்தில் இலவசம்.

குடித்து ஈரல் கெட்டவருக்கு, இப்போது நிறுத்தினால் பலன் உண்டா?

எந்தக் கட்டத்திலும் உண்டு. சிரோசிஸ் வந்த பின்னும், நிறுத்தியவர்கள் நிறுத்தாதவர்களைவிட நீண்ட காலம் வாழ்கிறார்கள். தினமும் நிறையக் குடிப்பவர் திடீரென்று வீட்டில் நிறுத்தினால் நடுக்கமும் வலிப்பும் வரலாம், அதனால் மருத்துவமனை உதவியோடு நிறுத்த வேண்டும்.

குடியால் ஈரல் திடீரென அழன்று காமாலை முற்றும் நிலைக்கு மருந்து போதாது என்பதே உண்மை. பிரிட்டனில் 1,103 பேரிடம் செய்து 2015-இல் வந்த ஆய்வில் ஸ்டீராய்டு சிறிதளவுதான் உதவியது, தொற்று அதிகரித்தது. ஆரோக்கியமானவர் மலத்திலிருந்து எடுத்த நுண்ணுயிர்களைக் குடலில் செலுத்தும் சிகிச்சையை டெல்லி, கேரள மருத்துவர்கள் ஆராய்ந்து வருகிறார்கள். 2011-இல் பிரெஞ்சு மருத்துவர்கள், கவனமாகத் தேர்ந்தெடுத்த 26 பேருக்கு உடனே ஈரல் மாற்றினார்கள். ஆறு மாதத்தில் 77 சதவீதம் பேர் உயிரோடு இருந்தார்கள், மாற்றாதவர்களில் 23 சதவீதம் பேர்தான். 'குடித்துக் கெடுத்துக்கொண்டவருக்கு எதற்கு?' என்ற பேச்சுக்கு அந்த எண்கள் போதுமான பதில்.

சிரோசிஸ் என்று சொல்லிவிட்டார்கள். வீட்டில் என்ன கவனிக்க வேண்டும்?

மீன், முட்டை, பருப்பை நிறுத்திவிட்டுக் கஞ்சி மட்டும் கொடுக்கும் வழக்கத்தை விட்டுவிடுங்கள். இன்றைய பரிந்துரை, கிலோவுக்கு 1.2 முதல் 1.5 கிராம் புரதம். 60 கிலோ உள்ளவருக்கு 72 முதல் 90 கிராம். இரவு படுக்கும் முன் சிறிதாக ஏதாவது சாப்பிட வேண்டும், நீண்ட பட்டினியில் உடல் தன் தசையையே கரைத்துவிடும். வயிற்றில் நீர் கோத்தால் உப்பு குறைய வேண்டும். கருவாடும் ஊறுகாயும் நிறுத்தப்பட வேண்டியவை.

கடற்கரை மக்களுக்குத் தனியாக ஒன்று. சிரோசிஸ் உள்ளவர் அரைவேக்காட்டுச் சிப்பி, மட்டியைச் சாப்பிடவே கூடாது. காலில் புண் இருக்கும்போது கடல் தண்ணீரில் இறங்கக் கூடாது. வெதுவெதுப்பான கடல்நீரில் வாழும் விப்ரியோ வகைக் கிருமி மற்றவர்களைவிட இவர்களுக்கு மிக வேகமாக உயிராபத்தை ஏற்படுத்தும். காலில் வீக்கமும் கொப்புளமும் காய்ச்சலும் சேர்ந்து வந்தால் மணிக்கணக்கில்கூடக் காத்திருக்க முடியாது.

மருந்தில், இதயத்துக்குக் கொடுக்கும் கார்வெடிலால் வகை மாத்திரைகள் ஈரலுக்கு ரத்தம் கொண்டு வரும் குழாய்களின் அழுத்தத்தைக் குறைக்கின்றன. ஸ்பெயினில் 201 பேரிடம் நடந்து 2019-இல் வந்த ஆய்வில், நோய் முற்றுவதோ மரணமோ 27 சதவீதத்திலிருந்து 16 ஆகக் குறைந்தது. எல்லோருக்கும் ஏற்றதல்ல, மருத்துவர் முடிவு செய்வார். புற்றுநோயை ஆரம்பத்திலேயே பிடிக்க ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஸ்கேன் அவசியம்.

ஈரல் மாற்று சிகிச்சை நமக்கு எட்டுமா?

எட்டும், ஆனால் முன்கூட்டியே பதிய வேண்டும். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் ஈரல் மாற்றும் உண்டு. நம் பக்கத்து மக்கள் பலரும் பழக்கத்தில் திருவனந்தபுரம் போகிறார்கள். எந்த மருத்துவமனை தமிழகக் காப்பீட்டை ஏற்கும் என்று கிளம்பும் முன் கேட்டுக்கொள்ளுங்கள்.

உயிரோடிருக்கும் உறவினர் தன் ஈரலில் ஒரு பகுதியைத் தரலாம், சில மாதங்களில் அது வளர்ந்துவிடும். கொடுப்பவருக்கு ஆபத்தே இல்லை என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். அரிதாக உயிரிழப்பும் உண்டு. மருமகளையோ மகளையோ நெருக்கித் தலையாட்ட வைக்காதீர்கள். இந்தியாவில் முதல் வெற்றிகரமான மாற்று 1998-இல் காஞ்சிபுரத்துக் குழந்தை ஒன்றுக்கு டெல்லியில் நடந்தது, அந்தக் குழந்தை வளர்ந்து மருத்துவராகிவிட்டார்.

தானமாகக் கிடைத்த ஈரலை ஐஸில் வைக்காமல், உடல் சூட்டில் ரத்தம் ஓட்டிக் காக்கும் இயந்திரங்கள் வந்திருக்கின்றன. 2018-இல் வந்த ஐரோப்பிய ஆய்வில் வீணாகும் ஈரல்கள் பாதியாகக் குறைந்தன. சுவிட்சர்லாந்தின் சூரிச்சில் மூன்று நாள் இப்படிக் காத்த ஈரலை 2021-இல் ஒருவருக்குப் பொருத்தினார்கள். சீனாவில் 2024 மார்ச்சில், மரபணு மாற்றிய பன்றியின் ஈரல் மூளைச்சாவு அடைந்தவர் உடலில் 10 நாள் இயங்கியது.

ஸ்டெம் செல் ஊசி போட்டால் ஈரல் புதிதாகும் என்று விளம்பரம் வருகிறதே?

ஸ்டெம் செல் என்பது வேறு வகைச் செல்களாக வளரக்கூடிய மூலச் செல். செல்களைக் கொண்டு ஈரலைச் சரிசெய்யும் ஆராய்ச்சிகளில் ஒன்றாக, ஸ்காட்லாந்தின் எடின்பரோவில் நோயாளியின் சொந்த வெள்ளணுக்களை வளர்த்துத் திருப்பிச் செலுத்தித் தழும்பைக் கரைக்க முயல்கிறார்கள். நம்பிக்கை தரும் ஆராய்ச்சிதான், ஆனால் இன்னும் ஆராய்ச்சிக் கட்டத்தில் இருக்கிறது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் 2017 வழிகாட்டுதல்படி, ஈரலுக்கு ஸ்டெம் செல்லைப் பதிவு செய்த ஆய்வுக்கு வெளியே சிகிச்சையாகக் கொடுக்கக் கூடாது. யாராவது லட்சக்கணக்கில் கேட்டால், இந்திய மருத்துவ ஆய்வுப் பதிவேட்டில் உள்ள பதிவு எண்ணைக் கேளுங்கள். முறையான ஆய்வில் சோதனை மருந்துக்கு நோயாளியிடம் பணம் வாங்க மாட்டார்கள்.